நான் ஏழாம் கட்டில் இல்லை, மிஸ்

கேள்வி: மிஸ், எனக்கு 27 வயது. வன்னியில், ஏ9 வீதியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் உள்ளே போகவேண்டிய ஊர். மூத்தவனுக்கு இரண்டரை வயது. அவனை அரச வைத்தியசாலை ஒன்றில்தான் பெற்றேன். அவனுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. விடியும்வரை என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. "ஏழாம் கட்டில்" தான். நோவில் கத்தினபோது, "புருஷனோட படுக்கேக்க கத்தினனியோ?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். கீழே வெட்டப் போகிறோம் என்று முதலே சொல்லவில்லை. தைக்கும்போது நோகிறது என்றேன், "கொஞ்சம் பொறு" என்றார்கள். மாமியிடம் சொன்னால், "தாயும் பிள்ளையும் முழுசா வந்திட்டியள், வேற என்ன வேணும்?" என்கிறார். இப்போது திரும்பவும் நாலு மாதம். கடன்பட்டாவது யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்கிறார் கணவர். நான் நினைக்கிறது பிழையா? எங்கே போவது?

பதில்:

மகள், பிழை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மாமிக்காகவும் நான் கொஞ்சம் கதைக்க வேண்டும். அவரின் வயதுக்காரி நான், ஒரு மருத்துவிச்சி.

உங்கள் கணவருக்கு முப்பதுக்குக் கிட்ட என்றால், மாமி அவரைப் பெற்றது தொண்ணூறுகளில். வன்னிக்குள் மண்ணெண்ணெய்கூடக் கட்டுப்பாட்டில் வந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய், மூடியில் ஓட்டை போட்டு ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் நான் பிள்ளை பிடித்திருக்கிறேன். கொடி வெட்டும்போது ஒருவர் விளக்கைப் பிடிக்க, இன்னொருவர் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். நோவு வந்தவளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, கிடங்கு விழுந்த ரோட்டால் கொண்டுவருவார்கள். 2009இன் முதல் மாதங்களில் பங்கருக்குள் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெற்ற ஒருத்தியிடம் "நல்ல கவனிப்பு என்றால் என்ன?" என்று கேட்டால், "உயிரோட வந்தம்" என்றுதான் சொல்வாள். அவளிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். மாமி உங்களை அலட்சியம் செய்யவில்லை, தன் அளவுகோலால் உங்களை அளக்கிறார்.

உங்கள் இரவை அந்தக் கோலால் அளக்க முடியாது. இன்றைக்கு இலங்கையில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையில்தான் பிறக்கிறார்கள். பேற்றோடு சம்பந்தப்பட்ட தாய் மரணம் 1 இலட்சம் பிறப்புக்கு 30 என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று வீடு வரைக்கும் வந்து விசாரித்து எழுதுகிற நாடு இது. கொப்பியும் சைக்கிளுமாகக் குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது ஊர் ஊராகப் போகிற மருத்துவிச்சிகள், அலைந்த அலைச்சலும் அதற்குள் இருக்கிறது. நானும் அலைந்தவள்தான், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் உயிர் தப்புமா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தபிறகு அடுத்த கேள்வி வரத்தான் வேண்டும்: எப்படி நடத்தினார்கள்?

இது உங்கள் மனதில் மட்டும் எழுந்த கேள்வி இல்லை. தாய் சேய் கவனிப்பின் தரத்துக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் எட்டுத் தரங்களை வகுத்தது. அதில் மூன்று, மருந்தையோ கருவியையோ பற்றியவை அல்ல. தாயோடு விளங்கும்படி கதைத்தார்களா, அவளின் மரியாதையைக் காத்தார்களா, மனதுக்குத் துணை நின்றார்களா என்பவைதான் அந்த மூன்றும். இரத்த அழுத்தம் பார்ப்பதற்குப் பக்கத்திலேயே இவற்றையும் வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் சொல்வது செல்லம் கொட்டுகிற கதை இல்லை. அந்த வாட்டில் என்ன குறை என்று சரியாகச் சொல்லக்கூடிய சாட்சி நீங்கள்தான்.

அப்படியென்றால் ஏன் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கிறது? நாங்கள் கேட்கிற விதம் அப்படி. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று, பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, வாசலில் ஓட்டோ நிற்க, "எல்லாம் நல்லமோ?" என்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்? "நல்லம் மிஸ்" என்பாள். நாளைக்கு மஞ்சள் காமாலை என்று இதே வாட்டுக்குத்தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்?

பத்தாம் நாளுக்குள் வீட்டுக்குப் போகும்போது கதை வேறு. ஒரு வீட்டில் தொப்புள் பார்த்தேன், தையல் பார்த்தேன், பிள்ளையை நிறுத்தேன், "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று பெற்றவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சரக்கு அரைக்க மிளகு எடுக்கவென்று அவளின் தாய் குசினிக்குள் போனார். நான் தராசை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குனிந்துகொண்டு சொன்னாள்: "மிஸ், அவை என்னை நீ எண்டுதான் கதைச்சவை." அவள் ஒரு பாடசாலை ஆசிரியை. ஊரில் அவளை நீ என்று கூப்பிடுகிறவர்கள் அவளைப் பெற்றவர்கள் மட்டும்தான். வெட்டும் தையலும் அவளுக்கு ஆறிக்கொண்டிருந்தன, அந்த நீ ஆறவில்லை.

இந்த "நீ"யைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வன்னி வைத்தியசாலைகளுக்குத் தெற்கிலிருந்து இடமாற்றத்தில் வருகிற வைத்தியர்களும் தாதியரும் பலர். வந்த முதல் கிழமையே தமிழ் பழகத் தொடங்குவார்கள். யாரிடம் பழகுவார்கள்? எங்களிடம்தான். நாங்கள் லேபர் றூமில் கத்துவதைக் கேட்டு. ஒரு இளம் டொக்டர் சின்னக் கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: முக்கு, காலை அகட்டு, கத்தாதே, படு. எல்லாம் அந்த ரகம்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க எங்கள் வாயிலிருந்து விழுந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் "ங்கோ" போடுங்கள் டொக்டர் என்றேன். அடுத்த நாளிலிருந்து "முக்குங்கோ, முக்குங்கோ" என்று அவர் சொல்ல, நோவுக்குள்ளும் பெற வந்த ஒரு பிள்ளை சிரித்ததைப் பார்த்தேன்.

என்னைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். 18 மாதப் பயிற்சி முடித்து லேபர் றூமுக்குள் போன முதல் வருடங்களில் நானும் கத்தியிருக்கிறேன். "வாயை மூடிக்கொண்டு முக்கு" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு முறை ஒருத்தியின் தொடையில் அடித்தும் இருக்கிறேன். பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, அவள் காலை இறுக்கினாள், எனக்குப் பயம். பயத்தில் அடித்தேன். பிள்ளை நன்றாக வந்தது, அவளும் நன்றி சொன்னாள். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நான் செய்தது சரி என்று கன காலம் நம்பியிருந்தேன். இரவு முழுக்க இரண்டு பேர், ஆறு கட்டில் என்று நின்றால் மனுசருக்கு வாய் கெடும். அது காரணம்தான், நியாயம் இல்லை. உங்களிடம் கேட்ட அந்தக் கேள்விக்கோ காரணம்கூடக் கிடையாது. ஆள் பற்றாக்குறையால் யாருக்கும் அப்படி ஒரு வசனம் வாயில் வராது.

சரி, வெட்டுக்கும் தையலுக்கும் வருவோம். வெட்டுவது சில நேரம் தேவைதான். பிள்ளை களைத்துத் துடிப்பு இறங்கினால், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வந்தால், வெட்டுவார்கள். ஆனால் தலைப்பிள்ளை என்பதற்காகவே எல்லோருக்கும் வெட்டுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி ஏற்கவில்லை. தேவைப்பட்டு வெட்டினாலும், "பிள்ளை கெதியா வரவேணும், ஒரு சின்ன வெட்டு போடப்போறன், ஊசி போட்டுத்தான்" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். தையலும் அப்படித்தான். விறைப்பூசி போட்டவுடன் தைக்க முடியாது, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசி நூலை எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் போட்டது தைக்கிற நேரம் விட்டுப்போயிருக்கவும் கூடும். அப்போது இன்னும் கொஞ்சம் போடலாம். "நோகுது" என்றால் பொறுக்கச் சொல்லக்கூடாது, மருந்து போட வேண்டும். அடுத்த முறை "பொறு" என்றால், "விறைக்கேல்லை, இன்னும் கொஞ்சம் மருந்து போடுங்கோ" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். "நோகுது" என்பதை நாங்கள் இரவு முழுக்கக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள். "விறைக்கேல்லை" என்றால் நிமிர்ந்து பார்ப்போம்.

ஒரு முறை வெட்டித் தைத்ததால் இந்த முறையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை. இரண்டாவது பேறு பெரும்பாலும் கெதியாக நடக்கும், அதையும் மனதில் வையுங்கள். உங்கள் ஊர் உள்ளே இருக்கிறது. குத்து ஒழுங்காக வரத் தொடங்கியதும் வெளிக்கிடுங்கள், காலைப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

இனி எங்கே போவது என்ற கேள்வி. தனியாருக்குக் கொடுக்கிற காசுக்குச் சில நல்ல விஷயங்கள் கிடைக்கும்: தனி அறை, கதவு, தெரிந்த ஒரு வைத்தியர், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தாதி. நீங்கள் தேடுவதும் அதைத்தான் என்று விளங்குகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்து, கருப்பை இறுகாமல் இரத்தம் போகத் தொடங்கினால், அந்த நேரத்தில் அங்கே இரத்த வங்கி இருக்கிறதா, மயக்க மருந்து வைத்தியர் கட்டிடத்துக்குள் இருக்கிறாரா, பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் வைத்துப் பார்க்கிற பிரிவு இருக்கிறதா என்று கணவரை நேரே போய்க் கேட்கச் சொல்லுங்கள். பெரிய சிக்கல் வந்தால் அரச வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவோம் என்று பதில் வந்தால், அந்தக் கடனுக்கு நீங்கள் வாங்குவது ஒரு கதவை மட்டும்தான். மாங்குளத்திலிருந்து பார்த்தாலும் யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்குக் கிட்ட. இரண்டாம் பேற்று நோவோடு அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள். என் மகளாக இருந்தால் கடன்பட விடமாட்டேன்.

அதற்காக, மனம் வெறுத்த அதே கட்டிலுக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. இலவச சேவையில் எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா, மன்னார் என்று மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. கிளிநொச்சியில் 2024இல் பெண்களின் சுகாதாரத்துக்கென்றே பெரிய மையம் ஒன்றும் திறந்தார்கள். புதுக்கட்டிடத்தால் வாய் திருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் மறைப்பும் இடமும் இருந்தால் துணைக்கு ஆள் விடுவது சுகம். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு போன்ற ஆதார வைத்தியசாலைகள் வீட்டுக்குக் கிட்ட இருக்கலாம், ஆனால் அங்கே மகப்பேற்று நிபுணர் இருப்பதும் இல்லாததும் இடமாற்றத்தோடு மாறும். உங்களுக்கு எட்டாம் மாதம் ஆகும்போது உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். யார் எங்கே இருக்கிறார், எந்த லேபர் றூமில் மனுசத்தன்மை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியில் சொல்லமாட்டார். வீட்டுக்கு வருகிற அன்று தனியாகக் கேட்டால் சொல்லுவார்.

அவரிடம் இந்த முறை கதையை முழுக்கச் சொல்லுங்கள். படபடப்பையும் சேர்த்து. அந்த வீதியால் போகவே பயமாக இருக்கிறதா, கனவில் வருகிறதா, சோதிக்கிற கட்டிலில் ஏறப் பிடிக்கவில்லையா, அதையெல்லாம். வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்குப் போவது பைத்தியத்துக்கு மருந்து எடுப்பது என்று ஊரில் நினைப்பார்கள். நினைக்கட்டும். பேறு நடந்த விதமே ஒரு காயமாக நிற்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தக் காயத்தோடு இரண்டாவது முறை லேபர் றூமுக்குள் போகிறவளுக்கு உடம்பு இறுகும், நோவும் கூடும்.

பிறகு கிளினிக் கொப்பியின் கடைசி ஒற்றையில் மூன்று வரி எழுதுங்கள். உங்கள் பெயர், அதைச் சொல்லிக் கூப்பிடும்படி. முதல் பேற்றில் தையல் விறைக்காமல் போட்டது. எதைச் செய்யும் முன்பும் சொல்லவேண்டும் என்பது. நிபுணரின் கிளினிக்கில் கொப்பியைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுங்கள். வாயால் சொல்ல நேரம் தரமாட்டார்கள், எழுத்து என்றால் கண் ஓடும். முடிந்தால் அதைச் சிங்களத்திலும் யாரைக்கொண்டாவது எழுதுவியுங்கள். இரண்டு மொழியும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், உங்கள் மொழியில் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உரிமையை விட அந்த மூன்று வரி கெதியாக வேலை செய்யும்.

உள்ளே போனபிறகு சில விஷயம் தெரிந்திருந்தால் பயம் குறையும். கருப்பை வாசல் 5 சென்றிமீற்றர் விரியுமட்டும் நோவு மெல்லத்தான் போகும். அதுவரை ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஒழுங்காகப் போனால் கீழே கைவைத்துச் சோதிப்பது நாலு மணித்தியாலத்துக்கு ஒரு முறை போதும். அடுத்தடுத்து நாலு பேர் வந்து பார்த்தால் ஏன் என்று கேட்கலாம். சிக்கல் இல்லாதவள் தண்ணி குடிக்கலாம், நடக்கலாம், சரிந்து படுக்கலாம். பிள்ளை பிறந்தவுடன் நெஞ்சில் போடச் சொல்லிக் கேளுங்கள். நிறை பார்ப்பதற்கு அவசரம் இல்லை.

பழைய இரவைப் பற்றி முறைப்பாடு செய்வதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரண்டரை வருடம் போனாலும் எழுதலாம். வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு பிரதி. திகதி, நேரம், வாட்டு, சொன்ன வசனம் சொன்னபடி. "கொடுமைப்படுத்தினார்கள்" என்று எழுதினால் அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வரும். அந்த ஒரு வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதினால் வாசிக்கிறவருக்கு முகம் சுருங்கும். பேற்றுக்கு முன்னர் எழுதப் பயமாக இருந்தால், துடக்குக் கழித்து, பிள்ளை நித்திரையாக இருக்கிற ஒரு பின்னேரம் எழுதுங்கள்.

கடைசியாகத் துணை. பேற்று நேரம் ஒரு பெண்ணைத் துணைக்கு விடலாம் என்று இங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நடைமுறையில் இடத்துக்கு இடம் மாறும், கட்டிலுக்குக் கட்டில் மறைப்புச் சேலை இருந்தால் விடுவார்கள், இல்லாவிட்டால் இழுப்பார்கள். அதை 36 கிழமையிலேயே வாட்டுப் பொறுப்புத் தாதியிடம் கேட்டு வையுங்கள். பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்கும்போது, அன்றைக்கு உங்களிடம் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் வாய் வராது. இது நான் கண்ணால் கண்டது.

யாரைக் கூட்டிப்போவது என்று கேட்டால், உங்கள் அம்மாவைச் சொல்வீர்கள். நான் மாமியைச் சொல்வேன். அதற்கு முதல் ஒரு நாள், வேலையெல்லாம் முடிந்து அவர் வெற்றிலை போடுகிற நேரம், உங்கள் கணவரைப் பெற்ற இரவைப் பற்றிக் கேளுங்கள். யார் பக்கத்தில் நின்றது, யார் என்ன சொன்னது என்று. உயிரோடு வந்தோம் என்று தொடங்குவார். விடாமல் கேளுங்கள். அவருக்கும் ஒரு வசனம் இன்னும் ஆறாமல் கிடக்கும், அல்லது வேர்வை துடைத்துவிட்ட ஒருத்தியின் பெயர் நினைவில் இருக்கும். அது வெளியே வந்தபிறகு அவரே சொல்வார், நான் வாறன் பிள்ளை என்று.

வந்தால் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். துணைக்கு வந்த மாமி ஒருவர் வெறும் வயிற்றோடு நின்று மயங்கி விழுந்து, பெறுகிறவளை விட்டுவிட்டு நாங்கள் அவருக்குத் தண்ணி தெளித்த இரவும் ஒன்று எனக்கு இருக்கிறது.